இடம் மாறிய கிளிப்!

"பித்தப்பையையே எடுத்தாச்சு. இனிமே எனக்குக் கல்லு எங்கேயிருந்து வரும்? இது வெறும் வாயுதாங்க!"

2022-ஆம் வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தபடி என் கணவரிடம் இப்படித்தான் அடித்துச் சொன்னேன். கையில் முறுக்கு நாழி. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வலி நெஞ்சுக்குழிக்குக் கீழே ஆரம்பித்து, வலது விலா ஓரமாகப் போய், முதுகில் ஏறித் தோள்பட்டை வரைக்கும் இழுத்தது. எனக்குப் பழக்கமான வலிதான். மூன்று வருஷத்துக்கு முன்பு இதே வலிக்குத்தான் ஆபரேஷன் செய்துகொண்டேன். 'அதே வலிதான்' என்று உடம்பு சொல்கிறது, 'பைதான் இல்லையே!' என்று புத்தி சொல்கிறது. நான் புத்தி சொன்னதைக் கேட்டுக்கொண்டு எழுந்து மீதி மாவையும் பிழிந்து முடித்தேன்.

அந்தத் தப்பு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். உங்களிலும் எத்தனையோ பேர் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருப்பீர்கள். பயப்படுத்துவதற்காக எழுதவில்லை. எனக்கு வந்தது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத தொல்லை என்று டாக்டரே சொன்னார். ஆனால் வந்தபோது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் மூன்று நாள் வீணாகப் போயிற்று.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு மயிலாடுதுறை. 2018-ல் இரண்டாவது பெண் பிறந்தாள். அவளுக்கு எட்டு மாதம் ஆகும்போது எனக்கு ராத்திரி வேளைகளில் இந்த வயிற்று வலி ஆரம்பித்தது. விருந்துச் சாப்பாடு, வடை, பூரி என்று எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட அன்றைக்குத் தவறாமல் வரும். ஸ்கேன் எடுத்தால் பித்தப்பை நிறையக் கற்கள்! பிள்ளை பெற்றவர்களுக்கு இது அதிகம் வருமாம். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் பித்தநீரில் கொழுப்புச் சத்து கூடிவிடுகிறது; பையும் சோம்பேறியாகி, சரியாகச் சுருங்கிக் காலியாவதில்லை. தேங்கி நிற்பது மெல்ல மெல்லக் கல்லாகிறது. பிரசவத்துக்குப் பிறகு உடம்பைக் குறைக்கிறேன் என்று திடீரென்று பட்டினி கிடப்பதும் கல்லுக்கு வழி செய்யும். (நானும் இரண்டு மாதம் கஞ்சி குடித்தே கிடந்தவள்தான். பழைய ஜாக்கெட் எல்லாம் பத்தியது. அதற்கு இவ்வளவு விலையா!)

2019 ஜூன் மாதம், கும்பகோணத்தில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆபரேஷன். வயிற்றைக் கிழிக்காமல் நாலு சின்னத் துவாரம் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறை. 1985-ல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சர்ஜன் இந்த முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தபோது, அவருடைய ஊர் டாக்டர்களே அவரைத் திட்டித் தீர்த்தார்களாம். நம் நாட்டில் 1990-ல், மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்வாடியா இதைத் தொடங்கி வைத்தார். இன்றைக்குச் சின்ன ஊர்களில்கூட நடக்கிறது. நானும் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, பத்தாம் நாள் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினேன். கல்லை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) அதைக் காட்டிக் காட்டி, "பாரும்மா, எங்க மருமக வயித்துக்குள்ள கடலைக் கடையே வச்சிருந்திருக்கா!" என்று சிரிப்பார்.

கல்லைக் காட்டினார்கள். ஆனால் உள்ளே நாலு சின்ன உலோகக் கிளிப்புகளை வைத்துத்தான் மூடியிருக்கிறார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நீட்டிய காகிதத்தில் எழுதியிருந்ததோ என்னவோ! அதைப் படித்தா கையெழுத்துப் போட்டோம்? எங்கே போட வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினார்கள், போட்டோம்.

தீபாவளிக்கு வருகிறேன். 24-ந் தேதி திங்கள்கிழமை பண்டிகை. விடியற்காலையில் எண்ணெய் ஸ்நானம் செய்ததுமே அத்தை தீபாவளி லேகியத்தை உருட்டி வாயில் போட்டார். "வயித்துவலி இருந்த இடம் தெரியாம போயிடும் பாரு!" அன்று பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை. அதிரசத்தைப் பார்த்தாலே குமட்டியது. ராத்திரி பத்து மணி இருக்கும், திடீரென்று குளிர் எடுத்தது. சாதாரணக் குளிர் இல்லை, கட்டிலே ஆடியது. இரண்டு கம்பளியைப் போர்த்தி, அதற்கு மேல் என் கணவர் பிடித்துக்கொண்டும் பல் கிட்டிக்கொண்டு போயிற்று. அரை மணியில் குளிர் விட்டு, உடம்பு அனலாய்க் கொதித்தது.

மறுநாள் காலையில் தலை வாரிக்கொள்ள வந்த சின்னவள் என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் கண்ணு ஏம்மா மஞ்சளா இருக்கு?" என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள்தான். சிறுநீர் கடுந்தேயிலை நிறத்தில் இருந்ததை இரண்டு நாளாகவே கவனித்திருந்தேன். 'சூடு' என்று விட்டுவிட்டேன். உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் ஒரே அரிப்பு.

"மஞ்சக் காமாலை!" என்றார் அத்தை. கொல்லைக்குப் போய்க் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிவந்து, அம்மியில் வெண்ணெயாக அரைத்து, மோரில் கலக்கிக் கொடுத்தார். பக்கத்துக் கிராமத்தில் காமாலைக்கு மருந்து கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் ஆளை அனுப்பிப் பொட்டலமும் வாங்கி வரச் செய்தார். "இங்கிலீஷ் மருந்து பட்டா காமாலை தலைக்கு ஏறிடும். ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்காதே" என்று என் கணவருக்குக் கண்டிப்பான உத்தரவு. போதாக்குறைக்கு அன்று மாலை சூரிய கிரகணம். கிரகணத்தோடேயே சூரியன் அஸ்தமித்தது. "நோயாளியை இந்த நேரத்துல வாசல் தாண்ட விடறதா?" என்று கதவையும் சாத்தியாயிற்று.

அத்தையைக் குறை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அந்த மூன்று ராத்திரியும் என் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத் துணி போட்டவர் அவர்தான். அவருடைய தங்கைக்கும் என் கணவருக்கும் காமாலை வந்தபோது, இதே கீழாநெல்லியைக் கொடுத்துக் குணமாகியிருக்கிறது. கண்ணால் பார்த்தவரிடம் என்ன வாதாடுவது? அசுத்தமான தண்ணீரால் வரும் வைரஸ் காமாலை பெரும்பாலும் ஓய்வும் பத்தியமுமாக இருந்தால் தானாகவே இறங்கிவிடும் என்பதை எனக்குப் பிறகுதான் டாக்டர் விளக்கினார். அந்தக் காமாலையில் நோய் ஈரலில். எனக்கு வந்ததோ குழாய் அடைப்பு. அடைத்துக்கொண்ட குழாயில் கீழாநெல்லி என்ன செய்யும், பாவம்!

இப்படியே புதன், வியாழன் போயிற்று. தினமும் ஒரு தடவை அந்தத் தூக்கிப்போடும் குளிர். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நான் ஏதேதோ உளற ஆரம்பித்தேனாம். பெரியவனை என் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம். எனக்கு ஞாபகமே இல்லை.

தெய்வாதீனமாக எதிர்வீட்டு அக்கா அன்று பால் வாங்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாடி பிடித்தார். வலது விலாவுக்குக் கீழே லேசாக அழுத்தியதும் நான் அலறியதைக் கேட்டு, அத்தையிடம் மூன்றே மூன்று கேள்வி கேட்டார்.

"வலி இருக்கா? நடுங்கற மாதிரி குளிர் ஜுரம் இருக்கா? காமாலை எப்போ வந்துச்சு?"

எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

"இது மருந்து அரைச்சுக் குடிக்கிற காமாலை இல்லேம்மா. இவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆகியிருக்கே, அந்தச் சீட்டு எங்கே? எடுங்க முதல்ல. காரைக் கூப்பிடுங்க."

இந்த மூன்று அடையாளங்களையும் 1877-லேயே ஷார்க்கோ என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதி வைத்திருக்கிறாராம். வலி, நடுக்கத்தோடு ஜுரம், காமாலை மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக் குழாய் அடைத்து, தேங்கிய பித்தநீரில் கிருமி புகுந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். புத்தி தடுமாறுவது, ரத்த அழுத்தம் இறங்குவது இரண்டும் கூடவே வந்தால் உயிருக்கே ஆபத்து. நான் கிட்டத்தட்ட அந்த வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆபரேஷன் சீட்டு எங்கே இருந்தது தெரியுமா? சின்னவளுடைய தடுப்பூசி அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில்! அந்த அட்டையைப் பத்திரப்படுத்தப் போய்த்தான் அதுவும் தப்பியது. ஆபரேஷனை எடுத்த வீடியோ சி.டி.யை எப்போதோ காக்கை விரட்டக் கொல்லையில் கட்டித் தொங்கவிட்டாயிற்று.

தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. போனவுடன் குளுக்கோஸ், கிருமியைக் கொல்லும் ஊசி, ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் பிலிருபின் என்கிற மஞ்சள் நிறப் பொருள் ஒன்றுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு ஒன்பதரைக்கு மேல். ஸ்கேனில் பித்தக் குழாய் இரண்டு மடங்கு வீங்கி, கீழ்ப்பக்கம் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. டாக்டருக்கும் முதலில், குழாயில் மிச்சமாக நின்றுபோன கல்லோ என்றுதான் எண்ணம். பை போன பிறகும் குழாயில் கல் வருவது உண்டாம். 'பையே இல்லை, கல் எப்படி வரும்?' என்று நான் பேசிய வீரம் அங்கேயே உடைந்தது.

அவர் அந்தப் பழைய சீட்டைப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தில் உலோகம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஈரலுக்கு அடியில், இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள். நாலாவது மட்டும் தனியாக வெகு கீழே, சரியாக அந்த அடைப்புக்கு நடுவில்!

"ஆபரேஷன்ல போட்ட கிளிப் ஒண்ணு இடம் மாறிக் குழாய்க்குள்ள வந்துடுச்சும்மா" என்றார் டாக்டர்.

என் கணவர் துள்ளி எழுந்துவிட்டார். "வயித்துக்குள்ள கத்திரிக்கோலை மறந்து வச்சுத் தைச்சுட்டாங்கன்னு பேப்பர்ல படிப்போமே, அந்த மாதிரியா டாக்டர்?"

"இல்லே சார். உட்காருங்க. அது மறந்து வைக்கிறது. இது வேணும்னே வைக்கிறது."

அவர் மேஜை மேலிருந்த காகிதத்தில் படம் போட்டுக் காட்டியதை என் பாஷையில் சொல்கிறேன்.

ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அது ஒரு பெரிய குழாய் வழியாகச் சிறுகுடலுக்குப் போகிறது. பித்தப்பை அந்தக் குழாயின் பக்கவாட்டில், ஒரு சின்னக் கிளைக் குழாயோடு தொங்கும் சேமிப்புத் தொட்டி. வீட்டில் மாடித் தொட்டியை எடுத்துவிட்டால் அதற்குப் போகும் கிளைக் குழாயின் வாயை மூடி போட்டு அடைக்கத்தானே வேண்டும்? அதே மாதிரி பையை எடுக்கும்போது, கிளைக் குழாயையும் பைக்குப் போகும் ரத்தக் குழாயையும் கட்டிவிட்டு நறுக்குகிறார்கள். அந்தக் காலத்தில் நூலால் கட்டினார்கள். லேப்ராஸ்கோப்பியில் நீளக் கருவியின் முனையில் கிளிப்பை மாட்டி, 'டக்'கென்று அழுத்திவிடுகிறார்கள். ஸ்டேப்ளர் பின் மாதிரி இருக்கும். நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. டைட்டானியம் என்ற உலோகம். துருப்பிடிக்காது, உடம்பு அதைப் பகைக்காது. ஆயுசு முழுக்க உள்ளேயே கிடந்தாலும் கோடிக்கணக்கான பேருக்கு ஒரு தொந்தரவும் செய்வதில்லை.

பின்னே எனக்கு மட்டும் ஏன் நகர்ந்தது? எந்த டாக்டராலும் ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாதாம். கிளிப் அழுத்தும் இடத்தில் சதை ரத்த ஓட்டம் குறைந்து நைந்து போகலாம். ஆபரேஷன் சமயத்தில் அங்கே வீக்கமோ, புண்ணோ, பித்தநீர்க் கசிவோ இருந்திருக்கலாம். பெரிய குழாய்க்கு மிக அருகில் கிளிப் விழுந்திருக்கலாம். நாம் மூச்சு விடும்போதெல்லாம் ஈரல் ஏறி இறங்குகிறது. பக்கத்தில் குடல் அசைந்துகொண்டே இருக்கிறது. இந்த அழுத்தத்தில் கட்டிய நுனி கிளிப்போடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திரும்பி, ஒரு நாள் குழாய்க்குள் விழுந்துவிடுகிறது. துவாரம் பின்னாலேயே ஆறி மூடிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை.

உள்ளே விழுந்த கிளிப் சும்மா கிடக்குமா? சீரக மிட்டாய் தெரியுமல்லவா? நடுவில் ஒரு சீரகம், சுற்றிலும் சர்க்கரைப் பாகு படிந்து படிந்து உருண்டையாகும். அதே கதைதான். கிளிப்பைச் சுற்றிப் பித்தநீரில் உள்ள கசடு படிந்து, மாதக்கணக்கில் கல்லாகித் திரண்டு, ஒரு நாள் குழாயை அடைத்துவிடுகிறது. என்னுடைய சீரக மிட்டாய் தயாராக மூன்று வருஷம் நாலு மாதம் ஆகியிருக்கிறது.

துவார ஆபரேஷன் வந்ததால் வந்த வினை என்றும் சொல்ல முடியாது. கிளிப் இப்படி நகர்ந்து கல்லான சம்பவம் 1979-லேயே மருத்துவப் பத்திரிகையில் வந்திருக்கிறது. அப்போது வயிற்றைத் திறந்துதான் ஆபரேஷன். 2010-ல் இரண்டு டாக்டர்கள் உலகெங்கும் அதுவரை வெளிவந்தவற்றைத் தேடித் தொகுத்தபோது 69 பேர்தான் தேறினார்கள். அவர்களில் ஒருவருக்கு ஆபரேஷனான 11-ம் நாளே வந்திருக்கிறது. ஒருவருக்கு 20 வருஷம் கழித்து! பாதிப் பேருக்கு இரண்டு வருஷம் சொச்சத்துக்குள். அதற்கப்புறமும் இப்படிப் பலரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எத்தனை லட்சம் ஆபரேஷனுக்கு இத்தனை பேர் என்று பார்த்தால், இது மழையில் ஒரு துளி. அந்தத் துளி நம் தலையில் விழுந்தால் மட்டும் முழுசாக நனைந்துவிடுகிறோம்!

வயிற்றைத் திறக்காமலே எடுத்தார்கள்

மறுநாள் சனிக்கிழமை. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எனக்கு ஈ.ஆர்.சி.பி. என்ற சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, வாய் வழியாக ஒரு வளையும் குழாயை விட்டு, இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் ஆரம்பத்துக்குப் போகிறார்கள். அங்கேதான் பித்தக் குழாயின் வாய் இருக்கிறது. அதை லேசாக வெட்டி அகலப்படுத்தி, சின்னக் கம்பிக் கூடையை உள்ளே விட்டு, கல்லை வலை போட்டு மீன் பிடிப்பது போல் பிடித்து இழுக்கிறார்கள். இதிலும் கணையம் வீங்குவது, ரத்தக் கசிவு என்று சில ஆபத்துகள் உண்டு. இந்தத் தடவை டாக்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். என் கணவர் காகிதத்தை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். கல் வராவிட்டால் மறுபடி வயிற்றில்தான் ஆபரேஷன் என்றும் சொல்லியிருந்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டேன், மயக்கம் வந்துவிட்டது.

கண் விழித்தபோது தொண்டை கரகரவென்றிருந்தது. வலி இல்லை! டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலை ஆட்டிக் காட்டினார். பழுப்பு நிறத்தில் இரண்டாக உடைந்த கல். ஒரு பாதியில் வெள்ளி மூக்குத்தித் திருகு மாதிரி பளபளவென்று ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் கண் வெளுக்க ஆரம்பித்தது. புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்திருந்தார்கள். ஸ்டென்ட் என்று பெயர். மூன்று மாதத்துக்குள் அதை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொண்டு பழைய ஜுரத்தைக் கொண்டுவரும். வலி போய்விட்டதால் பல பேர் மறந்தே போய், வருஷம் கழித்துக் காமாலையோடு வருகிறார்களாம்! எதிர்வீட்டு அக்கா எங்கள் தினசரிக் காலண்டரில் டிசம்பர் மாதத் தாளைத் தேடிப் பிடித்து, ராகு காலத்துக்கு மேலேயே சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் 'ஸ்டென்ட்' என்று எழுதினார். அந்த நாளில் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். பத்து நிமிஷ வேலை.

யார் மேல் கோபித்துக்கொள்வது?

உடம்பு தேறியதும் என் கணவர் கும்பகோணத்துக்குக் கிளம்பினார். "நாலு வார்த்தை கேட்காம விடமாட்டேன்" என்று. நானும் கூடப் போனேன், சண்டை பெரிதாகாமல் இருக்கட்டும் என்று. முதலில் ஆபரேஷன் செய்த சர்ஜன் புதுச் சீட்டையும் படத்தையும் இரண்டு தடவை பார்த்தார். "என் சர்வீஸ்ல இது முதல் தடவைம்மா. புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன்" என்றார். நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்தோம். கேட்க நினைத்த நாலு வார்த்தையில் ஒன்றைத்தான் நான் கேட்டேன்: "உள்ளே கிளிப் இருக்குன்னு என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்?"

அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'யாருக்கும் வராததைச் சொல்லி ஏன் பயமுறுத்துவது' என்று நினைத்திருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் சனிக்கிழமையே நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. கிளிப் நகர்ந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். சொல்லாததற்கு எனக்கு வருத்தம் உண்டு.

இதைக் கேள்விப்பட்ட எங்கள் தெருப் பெண்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் கொஞ்சமா! அதையெல்லாம் மூட்டை கட்டி டாக்டரிடம் கொண்டுபோனேன். "எனக்கும் கிளிப் இருக்கே, எடுத்துடலாமா?" வேண்டவே வேண்டாம். தொந்தரவு இல்லாதவர்கள் எடுக்கவும் வேண்டாம், வருஷா வருஷம் ஸ்கேன் பார்க்கவும் வேண்டாம். "எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தா காந்தம் இழுத்துடுமா?" டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் படம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சா, குடம் தூக்கினா நகருமா?" நாம் செய்யும் வேலையால் நகர்வதாக யாரும் நிரூபிக்கவில்லை. (இதைக் கேட்டு அந்தப் பெண் முகம் வாடியதே, பார்க்க வேண்டும்! குடம் தூக்குவதிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று இருந்தாள்.) "நூலால கட்டினா இந்த வம்பே இல்லையே?" கரைந்துபோகும் நூலாலும் கட்டுகிறார்கள், கரையும் கிளிப்பும் இருக்கிறது, பிளாஸ்டிக் மாதிரியான பூட்டுக் கிளிப்பும் இருக்கிறது. அந்தப் பூட்டுக் கிளிப்பும் அபூர்வமாக நகர்ந்ததுண்டு. எது யாருக்குச் சரி என்பதை ஆபரேஷன் மேஜையில் குழாயின் பருமனைப் பார்த்துத்தான் சர்ஜன் தீர்மானிப்பார்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் கருக்குழாயில் போடும் கிளிப்பும் சில பேருக்கு நழுவி வயிற்றுக்குள் வேறு இடத்தில் கிடப்பதுண்டாம். பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. காரணம் தெரியாத அடிவயிற்று வலி என்றால், டாக்டரிடம் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

நமக்கு ஒரு கெட்ட வழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்றைக்கு என்ன செய்கிறது என்று மட்டும் சொல்வோம். மூன்று வருஷம், பத்து வருஷம் முந்திய ஆபரேஷனைச் சொல்ல மாட்டோம். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நாமே தீர்மானித்துவிடுவோம். பித்தப்பை எடுத்தவர்கள் கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், மலம் களிமண் மாதிரி வெளுத்தால், மேல் வயிற்று வலியோடு நடுக்க ஜுரம் வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போய், 'எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, உள்ளே கிளிப் இருக்கலாம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இனிமேல் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள், 'உள்ளே என்ன வைத்து மூடுவீர்கள், எத்தனை?' என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் டாக்டர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால்தான் என்ன?

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு கோப்பு. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை முதல் அத்தையின் சர்க்கரைச் சீட்டு வரை அதில் இருக்கிறது. அந்தக் கண்ணாடி பாட்டிலை ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்கி வந்தேன். பீரோவில் வைத்திருக்கிறேன். என்னதான் கீழாநெல்லிப் பாத்தியை இன்னும் கண்ணும் கருத்துமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தாலும், யாருக்காவது காமாலை என்று மருந்து கேட்டு வந்தால் அத்தை உடனே பறித்துக் கொடுத்துவிடுவதில்லை. உள்ளே போய் முதலில் அந்த பாட்டிலை எடுத்துவந்து வெளிச்சத்தில் காட்டி, "மொதல்ல இதைச் சொல்லு. உனக்கு வயித்துல ஆபரேஷன் கீபரேஷன் ஆகியிருக்கா?" என்று கேட்கிறார்.